பல் டாக்டர் வீட்டு நீல டைல்

அத்தியாயம் மூன்று

பல் டாக்டரின் குளியலறையில் மூன்று பேர் மண்டியிட்டிருந்தார்கள்.

ஒருவர் பல் டாக்டர். வீட்டுக்குச் சொந்தக்காரர். இன்னொருவர் துப்பறிவாளர். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருந்த காலத்தில், எரிந்துபோனதாகச் சொல்லப்பட்ட கடைகளையும் காணாமல்போனதாகச் சொல்லப்பட்ட நகைகளையும் ஒரே பார்வையில் ஊடுருவியதால் 'எக்ஸ்ரே' என்று பெயர் வாங்கியவர். வேலையை விட்டபோது அந்தப் பெயரையே போர்டில் எழுதி மாட்டிக்கொண்டு தனியாகத் தொழில் தொடங்கிவிட்ட பெண்மணி. மூன்றாவது ஆள் அவருடைய உதவியாளன் பஞ்சர். யார் எவ்வளவு பெரிதாகப் பேசினாலும் ஒரே வரியில் காற்றைப் பிடுங்கிவிடுவான் என்பதால் வந்த பெயர். வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. முழங்கால் மட்டும் தனியாக அறுபதைத் தொட்டுவிட்டதாக அவனுக்கு இந்த நிமிடம் சந்தேகம்.

"விரிசல் எங்கேயும் இல்ல பாஸ்," என்றான் பஞ்சர். "டாக்டர் பல்லு கூட இவ்வளவு நெருக்கமா இருக்காது."

"என் பல்லைப் பத்தி இப்ப யாரும் கேக்கல," என்றார் டாக்டர்.

எக்ஸ்ரே கையிலிருந்த படத்தைத் தரையோடு தரையாக வைத்துப் பார்த்தார். பெரிதாக்கி அச்செடுத்த படம். நீல டைல், அதில் அலை அலையாக வெள்ளை. ஒரு மூலையில் கிளம்பி எதிர் மூலை வரை ஓடும் விரிசல். தரையில் இருந்ததும் அதே நீலம்தான். அதே அலைதான். விரிசலைத்தான் காணோம்.

"இந்த டைல் எதையாவது மாத்தினீங்களா டாக்டர்?"

"எதுக்கு மாத்தணும்? போன வருஷம் மேஸ்திரி போட்டுக் குடுத்தார். இன்னி வரைக்கும் ஒரு கீறல் கிடையாது. அஞ்சு ஸ்டார் குடுத்தேன். ஆறாவது இருந்திருந்தா அதையும் குடுத்திருப்பேன்."

"அப்போ ஒத்த ஸ்டார் குடுத்து, 'பல தடவை சொல்லியும் வந்து பார்க்கவில்லை'ன்னு எழுதினது நீங்க இல்ல."

டாக்டருக்கு முகம் சிறுத்துப் போனது. "மேடம், எங்கிட்ட பல்லுப் பிடுங்கிட்டுப் போறவங்ககிட்டயே வாசல் வரைக்கும் போய், வலி குறைஞ்சதும் ஒரு ஸ்டார் போட்டுடுங்கன்னு கெஞ்சற ஆளு நான். அந்தப் பாவத்தை இன்னொருத்தனுக்குச் செய்வேனா?"

பொய் சொல்பவர்களின் குரல் எப்படி இருக்கும் என்று பஞ்சருக்குத் தெரியும். இது அந்தக் குரல் இல்லை. கெஞ்சிப் பழகிய குரல்.

காலையில் அவர்களுடைய அலுவலகத்துக்கு வந்த மேஸ்திரியின் குரலும் ஏறக்குறைய இதே மாதிரிதான் இருந்தது.

முந்தின நாள் ஒரு மெசேஜ் வந்திருந்தது. 'வணக்கம். அவசர விஷயம். நேரில் சந்திக்க விரும்புகிறோம். தயவுசெய்து உடனே பதில் தரவும்.' அவ்வளவு மரியாதையாக எழுதிய ஆள் நேரில் வந்தபோது வாயே திறக்கவில்லை. சட்டையில் ஒட்டிய சிமெண்ட் நாற்காலியில் படாமல் இருக்க விளிம்பில் உட்கார்ந்துகொண்டு, மூன்று படங்களை மேஜையில் பரப்பி வைத்தார்.

பழைய குளியலறையை உடைத்துப் புதிதாக்கிக் கொடுப்பது அவர் தொழில். முன்பெல்லாம் ஒருவர் சொல்லி இன்னொருவர் கூப்பிடுவார். இப்போது ஆப். வீட்டுக்காரர்கள் 'எனக்கு இந்த வேலை ஆகணும்' என்று அதில் போடுவார்கள். அதைப் பார்த்ததும் ஒப்பந்தக்காரர்கள் போட்டி போட்டுக்கொண்டு பதில் எழுதுவார்கள். ஸ்டார் நிறைய இருப்பவன், பதிலைச் சீக்கிரம் போடுபவன், அவனுக்கு வேலை. அந்தப் பட்டியலின் உச்சியில் இருந்தவர் மேஸ்திரி. திடீரென்று மூன்று ஒற்றை நட்சத்திரங்கள், ஒவ்வொன்றோடும் உடைந்த டைலின் ஒரு படம். ஆப்பில் அவர் பெயரில் இருந்த பக்கம் சரிந்தது. இப்போதைக்கு அதை மறைத்தும் வைத்துவிட்டார்கள். இன்று மாலை ஆறு மணிக்குள் அந்த மூன்றும் பொய் என்று நிரூபிக்காவிட்டால் பக்கத்தையே மூடிவிடுவதாக ஆப் சொல்லியிருந்தது.

"இந்தப் பக்கம் போச்சுன்னா நான் யாருன்னு யாருக்கும் தெரியாது மேடம்," என்றார் மேஸ்திரி. "நான் போட்ட குளியலறை எல்லாம் அடுத்தவங்க வீட்டுக்குள்ள இருக்கு. காட்டறதுக்கு எங்கிட்ட இருக்கறது இது ஒண்ணுதான்."

"எழுதினது யாருன்னு பேர் போடலியா?"

"பேருக்குப் பதிலா வெறும் முதலெழுத்துதான் போட்டிருக்கு. ஆனா டைல் சொல்லுதே." விரலால் ஒவ்வொரு படமாகத் தொட்டார். "நீலம் பல் டாக்டர் வீடு. பச்சை பாட்டு டீச்சர் வீடு. வெள்ளையில சாம்பல் நரம்பு ஓடுதே, இது வக்கீல் வீடு. நான் பதிச்ச டைல் எனக்குத் தெரியாதா? மூணும் தங்கமான மனுஷங்க. அவங்க மனசைக் கெடுத்து எவனோ எழுத வச்சிருக்கான். எவனோ என்ன, கம்மிதான்."

கம்மி என்பது இன்னொரு ஒப்பந்தக்காரர். யார் என்ன விலை சொன்னாலும் 'அதுல கொஞ்சம் கம்மி பண்ணிக்கலாம்' என்று பதில் போடுபவர்.

"ஆப்பை எங்களுக்குத் திறந்து காட்ட முடியுமா?" என்று எக்ஸ்ரே கேட்டபோது மேஸ்திரி கைகளை விரித்துக் காட்டினார். விரல் நுனிகளில் சுண்ணாம்பு வெடிப்பு. "என் கை எப்பவும் ஈரம் மேடம். போனைத் தொட்டா அது செத்துடும். அதெல்லாம் வீட்ல பாத்துப்பாங்க." பிறகு வீட்டுக்குப் போன் போட்டு, மனைவியிடம் ரகசிய எண்ணைக் கேட்டு வாங்கி, பஞ்சரின் போனில் கணக்கைத் திறக்கவைத்தார்.

அதன் பிறகு பாட்டு டீச்சர் வீட்டுக்குப் போனார்கள். பச்சை டைல் கண்ணாடி மாதிரி இருந்தது. வக்கீல் வீட்டுக்குப் போனார்கள். குளியலறையைக் காட்ட என்ன சட்டப்படி கேட்கிறீர்கள் என்று வாசலிலேயே நிறுத்தி விசாரித்துவிட்டு, கடைசியில் உள்ளே விட்டார். அங்கேயும் ஒரு குறை இல்லை. இப்போது பல் டாக்டர்.

"மூணு படம். மூணு வீடு. மூணு வீட்லயும் அந்த டைல் இருக்கு, உடைசல் இல்ல," என்றான் பஞ்சர், ஸ்கூட்டரைக் கிளப்பியபடி. "ஒண்ணு டைல் தானா குணமாயிடுச்சு. இல்லைன்னா நாம ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய ஆளுங்க."

"படத்துல வெளிச்சத்தைப் பாத்தியா?" என்றார் எக்ஸ்ரே பின்னாலிருந்து.

"வெளிச்சத்துல என்ன?"

"கோடு கோடா விழுது. மூணுலயும்."

பஞ்சர் வண்டியை ஓரமாக நிறுத்தி மூன்று தாள்களையும் வாங்கிப் பார்த்தான். நீலத்தின் மேலும் பச்சையின் மேலும் வெள்ளையின் மேலும் இடது பக்கத்திலிருந்து சாய்வாக வெளிச்சக் கோடுகள் விழுந்திருந்தன. அடுக்குக் கண்ணாடி வைத்த ஜன்னல் வழியாக வருகிற மாதிரி. டாக்டர் வீட்டில் இருந்தது பால் கண்ணாடி. டீச்சர் வீட்டுக் குளியலறையில் ஜன்னலே கிடையாது. வக்கீல் வீட்டில் இருந்த ஜன்னலை வக்கீலே அட்டை வைத்து அடைத்திருந்தார்.

"அப்போ மூணும் ஒரே இடம்," என்றான்.

"ஒரே இடத்துல மூணு வீட்டு டைல் எப்படி இருக்கும்? அதைக் கம்மிகிட்டயே கேப்போம்."

கம்மியின் சாமான் கிடங்கு ஒரு சந்தின் முடிவில் இருந்தது. ஒல்லியான மனிதர். மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார். சந்தோஷம் இல்லாத சிரிப்பு.

"நான் எழுத வச்சேனா? மேடம், மேஸ்திரி இறங்கினா அந்த வேலை எனக்கா வரும்? எனக்கு மேல இன்னும் ஒரு பஸ் நிறைய ஆளுங்க நிக்கறாங்க. எனக்கு எதுக்கு அந்தக் கெட்ட பேரு?"

"விலையைக் கம்மி பண்ணித்தான் ஜெயிக்கறீங்கன்னு கேள்விப்பட்டேனே," என்றான் பஞ்சர்.

"ஜெயிச்சேன்னு யாரு சொன்னது? விலையில ஜெயிச்சுடலாம்னு இத்தனை காலம் ஏமாந்தவன்னு சொல்லுங்க." கம்மி ஒரு சிமெண்ட் மூட்டையின் மேல் உட்கார்ந்தார். "முதல்ல யார் பதில் போடறான்னுதான் ஜனங்க பாக்கறாங்க. டிங்குன்னு சத்தம் வரும். நான் கண்ணாடியை எடுத்து மாட்டறதுக்குள்ள மேஸ்திரி பதில் போயிருக்கும். விடியக்காலமோ சாப்பாட்டு நேரமோ, எந்த நேரமானாலும் சரி. அதுவும் எப்படி? 'வணக்கம் சார், குளியலறை எவ்வளவு அகலம், தண்ணி எந்தப் பக்கம் போகுது, வீட்ல வயசானவங்க இருக்காங்களா, வழுக்காத டைல் பாக்கலாமா'ன்னு. அந்த வயசானவங்க கேள்வி இருக்கு பாருங்க, அதுலயே பாதிப் பேர் விழுந்துடுவாங்க. நானும் அதே மாதிரி ஒரு தடவை போட்டேன். 'என்னை வயசானவன்னு சொல்றியா'ன்னு அந்த ஆள் சண்டைக்கு வந்துட்டான்."

பஞ்சருக்குச் சிரிப்பு வந்தது. எக்ஸ்ரே சிரிக்கவில்லை.

"ஒரு கையில கொத்துக் கரண்டியை வச்சுக்கிட்டு மனுஷன் எப்படித்தான் அடிக்கறானோ," என்றார் கம்மி. "அப்புறம் இன்னொண்ணு. வேலை கெட்டுப்போச்சுன்னா வீட்டுக்காரங்க முதல்ல போன்ல திட்டுவாங்க. அப்புறம் நேர்ல வந்து திட்டுவாங்க. அதுக்கும் அப்புறம் மச்சானைக் கூட்டிட்டு வந்து திட்டுவாங்க. எல்லாம் முடிஞ்சுதான் ஸ்டார்ல கை வைப்பாங்க. மேஸ்திரியை யாராவது திட்டினாங்களா?"

"யாரும் ஒரு வார்த்தை பேசலைங்கறார்."

"அப்போ இது நம்ம தொழில்ல நடக்கற விஷயமே இல்ல மேடம். திட்டாம இருக்கறவங்களுக்கு வேற ஏதோ காரணம் இருக்கு."

எக்ஸ்ரே குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கிடங்கின் தரை முழுக்க டைல். ஆனால் ஒன்றைப் போல் இன்னொன்று இல்லை. பூ, கட்டம், கருப்பு, பழுப்பு, மீன் செதில் என்று ஒரே கலவரமாக இருந்தது.

"இதெல்லாம் என்ன?"

"மிச்சம்தான். பெட்டி உடைச்சா நாலஞ்சு மிஞ்சும். கடைக்காரன் திருப்பி வாங்க மாட்டான். தூக்கிப் போடவும் மனசு வராது. இப்படிக் கொண்டுவந்து பதிச்சுடறது."

"நீங்க மட்டும்தானா?"

"இந்தத் தொழில்ல இருக்கற எவனை வேணா கேளுங்க. ஊர்ல இருக்கற எல்லா வீட்டு டைலும் எங்ககிட்ட ஒண்ணு ரெண்டு இருக்கும்." வாசல் வரைக்கும் வந்தவர், குரலைத் தாழ்த்தினார். "மேஸ்திரிகிட்ட ஒண்ணு சொல்லுங்க. என் பக்கத்தையும் ஒரு தடவை மூடினாங்க. யார்கிட்ட போய் நிக்கறது? கதவு இருந்தா தட்டலாம். ஆள் இருந்தா கால்ல விழலாம். அந்த ஆப்புல கேள்வி எழுதறதுக்கு ஒரு பெட்டிதான் இருக்கு. நாம என்ன எழுதினாலும் நன்றி சொல்லும். ரொம்ப எதிர்பாக்க வேணாம்னு சொல்லுங்க."

சந்தை விட்டு வெளியே வந்ததும் எக்ஸ்ரே பஞ்சரின் போனைக் கேட்டார். "அந்தப் பெட்டிகிட்ட ஒரு கேள்வி கேளு. ஸ்டார் யார் போடலாம், எப்போ போடலாம்னு."

பஞ்சர் அடித்தான். பதில் வந்தது. செய்தி வாசிப்பவரின் குரலில் அதைப் படித்தான்: "'மதிப்பிற்குரிய கூட்டாளரே, உங்கள் உணர்வுகளை நாங்கள் முழுமையாகப் புரிந்துகொள்கிறோம்.' பாத்தீங்களா பாஸ், என் பொண்டாட்டி கூட இதைச் சொன்னதில்ல. 'ஒப்பந்தக்காரர் தமது கணக்கிலிருந்து வேலை முடிந்தது என்ற பொத்தானை அழுத்திய பிறகே வாடிக்கையாளர் நட்சத்திரம் வழங்க முடியும்.'"

"பழைய வேலைக்கு டாக்டர் ஏற்கெனவே ஸ்டார் குடுத்தாச்சு. இந்த மூணும் புதுசா வந்து, புதுசா முடிஞ்சதாக் கணக்கு. முடிஞ்சதுன்னு யார் அழுத்தியிருக்கணும்?"

"மேஸ்திரிதான். அவர் கணக்குதானே."

"மேஸ்திரி கை?"

"ஈரம்," என்று சொல்லிவிட்டு, சொன்ன வேகத்திலேயே பஞ்சர் வாயை மூடிக்கொண்டான். பக்கத்துக் கடையில் யாரோ கதவை இழுத்துச் சாத்தும் சத்தம் கேட்டது. அவனுக்குக் கம்மியைப் பிடித்துக் கொடுத்துவிட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று தோன்றியது. சந்துக்குள் திரும்பிப் போய் அந்த ஒல்லி மனிதரிடம், தயவுசெய்து நீங்களே செய்ததாக இருக்கட்டுமே என்று கேட்கக்கூடத் தயாராக இருந்தான்.

"பாஸ், வேணாம்," என்றான்.

"வண்டியை எடு. எனக்கு முகம் கழுவணும்."

"எங்க?"

"மேஸ்திரி வீட்ல."

மாடிப்படி ஏறியதும் முதல் கதவு. திறந்த பெண்ணுக்கு வயது முப்பத்தைந்துக்கு மேல் இருக்காது. கண்களுக்குக் கீழே மட்டும் இன்னும் பத்து வருடம் கூடியிருந்தது. இடது கையில் போன். வலது கையில் கரண்டி. அவசரமாக நடந்து வந்ததில் லேசாக நொண்டினாள். குதிகாலில் மருந்துப் பட்டை ஒட்டியிருந்தது.

"வாங்க மேடம். அவர் ஒரு இடத்துல தரை முடிச்சுக் குடுக்கப் போயிருக்கார். ஏதாவது தெரிஞ்சுதா?"

"வெயில்ல சுத்திட்டு வர்றோம். கொஞ்சம் முகம் கழுவிக்கட்டுமா?"

அவள் வாயைத் திறந்தாள். வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் தேடுவது பஞ்சருக்குத் தெரிந்தது. கிடைக்கவில்லை. கரண்டியால் ஒரு பக்கமாகக் காட்டினாள்.

எக்ஸ்ரே உள்ளே போனார். கதவைச் சாத்தவில்லை. பஞ்சர் நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது. உயரத்தில் அடுக்குக் கண்ணாடி ஜன்னல். அதன் வழியாக வெயில் கோடு கோடாக இறங்கி, பல் டாக்டர் வீட்டு நீலத்தின் மேல் விழுந்து, விரிசலின் மேல் ஏறி, பாட்டு டீச்சர் வீட்டுப் பச்சையைத் தாண்டி, வக்கீல் வீட்டு வெள்ளையில் போய் முடிந்தது. நடுவில் தண்ணீர் வடிய வழியில்லாமல் தேங்கி நின்றது. ஊரில் உள்ள குளியலறைகளையெல்லாம் கண்ணாடியாக இழைக்கும் மனிதர், மிச்சம் மீதியைக் கொண்டு ஒரு அவசர நாளில் அரைகுறையாக அப்பிவிட்டுப் போன குளியலறை.

எக்ஸ்ரே முகம் கழுவவே இல்லை. வெளியே வந்து, "குதிகாலைக் கிழிச்சது எது, நீலமா வெள்ளையா?" என்று மட்டும் கேட்டார்.

மேஸ்திரி மனைவி கரண்டியை மேஜையில் வைத்தாள். அழுவாள் என்று பஞ்சர் எதிர்பார்த்தான். அவள் அழவில்லை.

"வெள்ளை," என்றாள். "நான் எழுதினதுல ஒரு பொய் காட்டுங்க மேடம். வெடிச்சிருக்குன்னு எழுதினேன், வெடிச்சிருக்கு. தண்ணி நிக்குதுன்னு எழுதினேன், நிக்குது. பல தடவை சொல்லியும் வந்து பாக்கலைன்னு எழுதினேன்." கூடத்திலிருந்து குளியலறைக் கதவைப் பார்த்தாள். "இங்கேருந்து எட்டிப் பாத்தா தெரியற இடம்."

"யார் பேர்ல எழுதினீங்க?"

"எங்க அக்கா நம்பர், அண்ணி நம்பர். ஒண்ணு நாத்தனார் நம்பர். அவங்களுக்குத் தெரியாது. வேலை கேட்டதும் நான்தான், ஒத்துக்கிட்டதும் நான்தான், முடிஞ்சுதுன்னு அழுத்தினதும் நான்தான்."

"ஒரு டைலுக்காகவா இவ்வளவும்?" என்றான் பஞ்சர்.

"டைலுக்குன்னு யார் சொன்னது?"

அப்போது கையிலிருந்த போன் டிங் என்றது. அவள் பேச்சை நிறுத்தவில்லை. ஆனால் கட்டைவிரல் தானாக ஓட ஆரம்பித்தது. "காலையில கண்ணு முழிக்கும்போதே இதுதான். குளிக்கும்போது சோப்பு டப்பா பக்கத்துல வச்சிருப்பேன். அடுப்புல ஒரு கண்ணு, இதுல ஒரு கண்ணு. முதல்ல பதில் போடணும், இல்லைன்னா வேற ஆளுக்குப் போயிடும். தூங்கினாலும் டிங்குன்னு கேக்குது. அது அடிக்கவே இல்லைன்னாலும் கேக்குது." விரல் அனுப்பு என்பதை அழுத்தியது. வணக்கம் சார், வீட்ல வயசானவங்க இருக்காங்களா. "கொஞ்ச நாள் நிறுத்தலாம்னு சொன்னேன். 'உக்காந்த இடத்துல விரலை ஆட்டறதுதானே'ன்னு சிரிச்சார். கெட்ட மனசுல சொல்லல. அவருக்கு அப்படித்தான் தெரியுது. டாக்டர் பாராட்டினார்னு வந்து சொல்லுவார், டீச்சர் பாராட்டினாங்கன்னு வந்து சொல்லுவார். தங்கமான கைதான், நான் இல்லைங்கலை."

"இப்ப வந்தது எது? பக்கத்தை மறைச்சுட்டாங்களே," என்றார் எக்ஸ்ரே.

"அது இன்னொரு ஆப். ஸ்டார் இறங்கினதும் பயந்துபோய் இதுலயும் சேந்துட்டார். இப்ப ரெண்டையும் பாக்கறேன்." இந்த இடத்தில்தான் அவள் குரல் உடைந்தது. "அரை ஸ்டார் இறங்கினா போதும்னு நெனச்சேன் மேடம். பாதிப் பேர் வேற ஆளைத் தேடிப் போவாங்க. கொஞ்சம் தூங்கலாம்னு. மூடிடுவாங்கன்னு யாருக்குத் தெரியும்? எழுதினதை அழிக்கலாம்னு பாத்தா அழிக்க விடல. நான்தான் எழுதினேன், தப்பு என்னோடதுன்னு நாத்தனார் நம்பர்லேருந்து கெஞ்சிப் பாத்தேன். 'உங்கள் கருத்துக்கு நன்றி'ங்குது."

"அப்புறம் எங்களை எதுக்குக் கூப்பிட்டீங்க?" என்றான் பஞ்சர். "அந்த மெசேஜ் அடிச்சது நீங்கதானே."

"அவர் சொல்லச் சொல்ல நான்தானே அடிக்கணும்."

  

எக்ஸ்ரே அவனைப் பார்த்தார். அவன் புரிந்துகொண்டு போனை எடுத்துப் பெட்டியிடம் கடைசிக் கேள்வியைக் கேட்டான். பொய்யான விமர்சனத்தை ஒப்பந்தக்காரரின் குடும்பத்தில் ஒருவரே எழுதியிருந்தால் என்ன ஆகும்? பதில் வருவதற்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. உங்கள் உணர்வுகளை நாங்கள் முழுமையாகப் புரிந்துகொள்கிறோம். அவ்வாறு நிரூபிக்கப்பட்டால் பக்கம் நிரந்தரமாக நீக்கப்படும். அதே பெயரில் மீண்டும் சேர இயலாது.

போனை எக்ஸ்ரே பக்கம் திருப்பிக் காட்டினான். சொல்லாவிட்டால் ஆறு மணிக்குப் பக்கம் போகும். சொன்னால் பக்கமும் போகும், பெயரும் போகும், இந்த வீட்டில் இன்னும் என்னென்ன போகுமோ தெரியாது. உண்மையைக் கண்டுபிடித்தால் யாராவது ஒருவருக்காவது அதனால் லாபம் இருக்கும். பஞ்சருக்குத் தெரிந்து இத்தனை வருடத்தில் அப்படி இல்லாமல் போனது இதுதான் முதல் தடவை.

"அவர்கிட்ட சொல்லிடுவீங்களா அக்கா?" என்றாள் அவள். மேடம் எப்போது அக்கா ஆனார் என்பதை யாரும் கவனிக்கவில்லை.

எக்ஸ்ரே பதில் சொல்வதற்குள் படிக்கட்டில் காலடிச் சத்தம் கேட்டது. மேஸ்திரி. கையில் வாளி, வாளிக்குள் கொத்துக் கரண்டியும் மட்டக்குழாயும். வீட்டுக்குள் வெளிச்சத்தைப் பார்த்து அவரே கொஞ்சம் திகைத்து நின்றார்.

"சீக்கிரமே முடிஞ்சுடுச்சு. நாளைக்கு எங்கேயும் போக வேண்டியதில்ல பாருங்க, அதனால கை தானா வேகமா ஓடுது," என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தார். பிறகு, "யாருன்னு தெரிஞ்சுதா மேடம்?"

பொய்யைப் பிடித்துப் பிடித்தே பெயர் வாங்கியவர் எக்ஸ்ரே. அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "இல்லைங்க. கண்டுபிடிக்க முடியல."

மேஸ்திரி தலையை ஆட்டினார். கோபம் இல்லை. பக்கத்தில் வந்து, எக்ஸ்ரேக்கு ஆறுதல் சொல்கிற மாதிரி, "பரவால்ல மேடம். உங்களால ஆனதைப் பாத்தீங்க. கண்ணுக்குத் தெரியாத இடத்துல இருக்கற ஆளை எப்படிப் பிடிக்கறது?" என்றார். மனைவியைப் பார்த்தார். "ஏம்மா, நின்னுக்கிட்டே இருக்கே. இவங்களுக்குக் குடிக்க ஏதாவது குடு. நான் கையைக் கழுவிட்டு வந்துடறேன்."

கொடியிலிருந்து துண்டை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். "வெயில் இருக்கும்போது நான் வீட்டுக்குள்ள நின்னு எத்தனை காலமாச்சு," என்று யாரிடமும் இல்லாமல் சொல்லிக்கொண்டே குளியலறைக்குள் போனார். கதவு சாத்திக்கொண்டது.

பஞ்சர் ஒரு அடி எடுத்து வைத்தான். எக்ஸ்ரே கையைப் பிடித்து நிறுத்தினார். தடுப்பதற்கு எந்தச் சாக்கும் இல்லை. ஒரு மனிதன் தன் வீட்டுக் குளியலறையில் கை கழுவப் போகிறான்.

குழாய் திறக்கும் சத்தம். வாளியில் தண்ணீர் விழும் சத்தம். கொஞ்ச நேரம் அது சாதாரணமாக விழுந்துகொண்டிருந்தது.

பிறகு குழாய் மூடியது.

உள்ளிருந்து மேஸ்திரியின் குரல், ரொம்ப மெதுவாக, வேலை நேரத்தில் அளவு கேட்கிற மாதிரி வந்தது. "இந்த நீலம்... பல் டாக்டர் வீட்டு மிச்சம்தானே?"

அவர் மனைவி மேஜையைப் பிடித்துக்கொண்டாள். "ஆமாங்க."

"பச்சை?"

"டீச்சர் வீடு. நீங்கதான் கொண்டுவந்தீங்க."

மூன்றாவதை அவர் கேட்கவில்லை.

போன் டிங் என்றது. அவள் கை தானாகப் போய் அதை எடுத்தது. கட்டைவிரல் திரைக்கு மேல் வந்து நின்றது. யாரோ ஒருவருக்குக் குளியலறை வேலை ஆக வேண்டியிருந்தது. வீட்டில் வயதான அம்மா இருக்கிறாராம், வழுக்காமல் இருக்க வேண்டுமாம். அவள் போனை மேஜையில், எல்லோருக்கும் தெரிகிற மாதிரி மல்லாக்க வைத்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள்.

நான்கு பேர் இருந்த வீட்டில் யாரும் அதைத் தொடவில்லை. கொஞ்ச நேரத்தில் திரையில் எழுத்து மாறியது. 'மற்றொரு ஒப்பந்தக்காரர் பதிலளித்துவிட்டார்.'

குளியலறைக் கதவு சாத்தியபடியே இருந்தது.